பியூஃபர்ட்டுக்குத் திரும்பியவர்

சார்ல்ஸ்டன் நகரத்தின் தெற்கு முனையில் கடலை ஒட்டி ஒரு கற்சுவர் இருக்கிறது. பேட்டரி என்கிறார்கள். மே மாத அதிகாலையில், இருட்டு விலகுவதற்கு முன்பே அங்கே போய் நின்றேன். ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளும் அந்த முனையில்தான் கூடிக் கடலைத் தொடுகின்றன. காற்றில் உப்பும் சேறும் கலந்த வாடை. எதிரே ஐந்து கிலோமீட்டர் தொலைவில், தண்ணீர்மேல் கருங்கோடு போட்டதுபோல் சம்டர் கோட்டை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் 1861 ஏப்ரல் 12-ஆம் தேதி விழுந்தது அந்தக் கோட்டைமேல்தான். வலது கையில் ஜேம்ஸ் தீவின் கரை. ஜான்சன் கோட்டை இருந்த இடம்.

நான் போனது கோட்டையைப் பார்க்க அல்ல. அந்தக் கோட்டையைக் கடந்துபோன ஒரு நீராவிப் படகின் வழியைக் கண்ணால் ஒருமுறை அளந்து பார்க்கத்தான். 1862 மே 13-ஆம் தேதி, விடிவதற்கு முன், 'பிளான்டர்' என்ற அந்தப் படகு இந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. சுக்கான் பிடித்திருந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. அடிமை. அந்தப் படகிலிருந்த மற்ற எல்லோரும் அடிமைகள்தான்.

அவர் பிறந்தது சார்ல்ஸ்டனில் அல்ல, தெற்கே 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பியூஃபர்ட் என்ற சிற்றூரில். எழுத்தைப் பார்த்து இதைப் பலவிதமாகப் படிக்கலாம். பக்கத்து மாநிலமான வட கரோலினாவிலும் இதே எழுத்தில் ஓர் ஊர் உண்டு. அதை 'போஃபர்ட்' என்பார்கள். தென் கரோலினாக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் உடனே திருத்துவார்கள். என்னையும் திருத்தினார்கள்.

1839 ஏப்ரல் 5-ஆம் தேதி, பிரின்ஸ் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டின் பின்கட்டில், அடிமைகளுக்கான குடிசையில் ராபர்ட் பிறந்தார். தாய் லிடியா அந்த வீட்டின் வேலைக்காரி. வீட்டுக்காரர்கள் மெக்கீ குடும்பம். பிள்ளையை வீட்டுக்குள் செல்லமாகத்தான் வைத்திருந்தார்கள். அதுவே லிடியாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. வயல்காட்டு அடிமைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல் பையன் வளர்ந்துவிடக் கூடாது என்று, சவுக்கடி விழும் இடத்துக்கும் ஆட்களை ஏலம் விடும் இடத்துக்கும் மகனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எந்தத் தாய்க்கும் மனம் வராத காரியம். அவள் செய்தாள்.

பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டனுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். விடுதியில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பாய்மரக் கயிறு கட்டினார், பாய் தைத்தார், கடைசியில் படகோட்டக் கற்றார். அடிமையைக் கூலிக்கு விடுவதற்கு சார்ல்ஸ்டனில் ஒரு முறை வைத்திருந்தார்கள். நகராட்சியில் பணம் கட்டி ஒரு செப்புத் தகடு வாங்க வேண்டும். அடிமை அதை உடம்பில் அணிந்திருக்க வேண்டும். சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தத் தகடுகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மேலே ஓர் ஓட்டை, கயிறு கோக்க. நகரத்தின் பெயர், வருடம், வேலையின் பெயர், ஓர் எண். 'வேலையாள்', 'சுமைகூலி', 'மீனவர்' என்று தொழில் பொறித்திருக்கிறது. ஆளின் பெயர் மட்டும் எதிலும் கிடையாது. ஒரு தகட்டின் ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வருடம் முழுக்க ஒருவர் கழுத்தில் ஆடித் தேய்ந்திருக்க வேண்டும். அந்தப் பேழையைவிட்டு நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பிளான்டர் படகில் ஸ்மால்ஸுக்கு மாதச் சம்பளம் 16 டாலர். அதில் 15 டாலர் மெக்கீக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. மனைவி ஹன்னா ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் அடிமை. அவளையும் குழந்தையையும் விலைக்கு வாங்கிக்கொள்ள அவளுடைய உடைமையாளரோடு பேசி முடித்த தொகை 800 டாலர். மாதம் ஒரு டாலர் மிச்சம் பிடிக்கிறவர் 800 டாலரை எந்தக் காலத்தில் சேர்ப்பது? சுமைதூக்கியும் சில்லறை வியாபாரம் பார்த்தும் காசு சேர்த்தார். போதவில்லை.

பிளான்டர் 150 அடி நீளப் பருத்திப் படகு. நான்கடி ஆழம் இருந்தால் போதும், ஓடும். கழிமுகங்களும் கால்வாய்களும் நிறைந்த அந்தக் கரைக்கு இதைவிடத் தோதான படகு கிடையாது. போர் வந்ததும் தெற்குப் படை அதை எடுத்துப் பீரங்கி பொருத்திக்கொண்டது. மே 12-ஆம் தேதி மாலை அதில் இன்னும் நான்கு பீரங்கிகளும் வெடிமருந்தும் ஏற்றிவைத்திருந்தார்கள். மறுநாள் காலை துறைமுகக் கோட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டியவை. வெள்ளை அதிகாரிகள் மூவரும் இரவில் படகிலேயே தங்க வேண்டும் என்பது உத்தரவு. அவர்களோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாங்கள் இல்லாத நேரத்தில் இவர்களால் என்ன செய்துவிட முடியும் என்ற நினைப்பு.

விடியற்காலை மூன்று மணிக்குக் கொதிகலன் எரிய ஆரம்பித்தது. ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இன்னொரு துறையில் மறைந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார். மொத்தம் 16 பேர். அகப்பட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசி முடிவெடுத்திருந்தார்கள்: படகை மூழ்கடித்துவிடுவது, எல்லோரும் கைகோத்துக் கடலில் குதித்துவிடுவது.

நான் நின்ற இடத்திலிருந்து அந்த வழி முழுக்கத் தெரிகிறது. ஒளிவதற்கு ஓரிடம் கிடையாது. வலப்பக்கம் ஜான்சன் கோட்டைக்கு நேரே போக வேண்டும். பிறகு சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே போக வேண்டும். அவசரப்பட்டு வேகமெடுத்தால் சந்தேகம் வரும். தயங்கினால் விடிந்துவிடும். கேப்டன் எப்படி நிற்பாரோ அப்படியே கைகளைக் கட்டிக்கொண்டு, தொப்பியை முகத்துக்கு இறக்கி, சுக்கான் அறையில் ஸ்மால்ஸ் நின்றார். கோட்டைக்குக் கொடுக்க வேண்டிய ஊதல் அடையாளம் அவருக்குத் தெரியும்: நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. ஊதினார். காவலாளி போகவிட்டான். குண்டு எட்டாத தூரம் வந்த பிறகு தெற்குக் கொடியை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். ஹன்னா தான் வேலை பார்த்த விடுதியிலிருந்து கொண்டுவந்த விரிப்பு. வடக்குக் கடற்படையின் 'ஆன்வார்ட்' கப்பல் சுடுவதற்குத் தயாராகத் திரும்பிவிட்ட நேரம், சூரிய வெளிச்சத்தில் அந்த விரிப்பு கண்ணில் பட்டதால் 16 உயிர் பிழைத்தது.

இந்த நான்கு மணிநேரக் கதையை அமெரிக்கர்கள் பலர் இன்று அறிவார்கள். அந்த இரவோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். எனக்கு அதற்குப் பிறகு வந்த ஐம்பது வருடங்கள்மேல்தான் ஆசை. தப்பித்த மனிதன் எங்கே போய் வாழ்ந்தான்? பாஸ்டனுக்கோ கனடாவுக்கோ போயிருக்கலாம். அவர் போனது பியூஃபர்ட்டுக்கு. எந்தத் தெருவில் அடிமையாகப் பிறந்தாரோ அந்தத் தெருவுக்கே. அதைப் பார்க்கத்தான் சார்ல்ஸ்டனை விட்டு 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே கிளம்பினேன்.

சாலை நேராக ஓடுகிறது. இரண்டு பக்கமும் நாணல்போல் அடர்ந்த உப்புப் புல். ஏற்றத்தில் கடல்நீர் புல்லின் இடுப்புவரை ஏறும். வற்றத்தில் கருஞ்சேறு வாய்பிளந்து கிடக்கும். அந்தச் சேற்றுக்கு அழுகிய முட்டை போன்ற ஒரு நாற்றம். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அது ஊர் வாசனை. எடிஸ்டோ, ஆஷப்பூ, கம்பாஹி என்று வரிசையாக ஆறுகள் குறுக்கே வருகின்றன. கம்பாஹி ஆற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். பாலத்துக்கு ஹாரியட் டப்மன் பெயர். 1863 ஜூன் மாதத்தில் வடக்குப் படையின் படகுகளோடு இந்த ஆற்றில் வந்து ஒரே இரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்டுக் கொண்டுபோனவர் அவர்.

பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் இருபுறமும் சதுரம் சதுரமாக நிலம் தெரிகிறது. எங்கோ பார்த்த காட்சிபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வரப்புகள்! நெல்வயலின் வரப்புகள். இந்தக் கரை முழுவதும் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. 'கரோலினா கோல்ட்' என்ற நெல் இங்கிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் பயிரிடத் தெரிந்தவர்களைப் பிடித்துவந்து, சதுப்பு மரங்களை வெட்டவைத்து, மைல்கணக்கில் கரை போடவைத்தார்கள். கடல் ஏற்றத்தில் ஆற்றுநீர் உயரும்போது மரமதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவது, வற்றத்தில் வடிப்பது, உப்புநீர் மேலேறி வரும் நாளில் மதகை இறுக மூடுவது என்று நீர்க்கட்டு முழுக்க அவர்கள் கைவேலை. சில மதகுகள் இன்றும் வேலை செய்கின்றன. இப்போது அவை வாத்துகளுக்காக நீர் தேக்குகின்றன. நெல் இல்லை. வரப்பு மட்டும் பசும்புல் மூடிக் கிடக்கிறது.

இதே கம்பாஹி வயல்களில் 1876 ஆகஸ்டில் கூலிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடிமைமுறை ஒழிந்து பத்து வருடம் ஆகியும் கூலியைக் காசாகக் கொடுக்கவில்லை. முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் காகிதச் சீட்டாகக் கொடுத்தார்கள். கூட்டம் திரண்டது. எதிர்ப்பக்கம் துப்பாக்கியோடு வெள்ளையர் படை திரண்டது. ரத்த ஆறு ஓடியிருக்க வேண்டிய நாள். அப்போது அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்த ஸ்மால்ஸ் நேரில் வந்து இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசினார். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. போர்க்களத்தில் பெயர் வாங்கியவர்கள் அநேகர். துப்பாக்கிகளுக்கு நடுவே நின்று ஒரு குண்டும் வெடிக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் வாழ்க்கையில் பிளான்டர் இரவுக்குச் சமமாக நான் வைப்பது இந்த நாளைத்தான்.

பியூஃபர்ட்டுக்குள் நுழையும்போதே கருவாலி மரங்கள் சாலைமேல் கைகோத்து நிற்கின்றன. கிளையெல்லாம் சாம்பல்நிறப் பாசி, நரைத்த சடைபோல் தொங்குகிறது. ஒரு கரையில் ஆறு, மறுகரையில் தீவுகள், நடுவில் படகு வந்தால் சுழன்று வழிவிடும் பாலம். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்தால் சிப்பி சிப்பியாகத் தெரியும். சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் முழுச் சிப்பியும் தண்ணீரும் கலந்து, பலகைக்கு நடுவில் கொட்டி இடித்த சுவர். 'டாபி' என்கிறார்கள். விரலால் தடவினால் சிப்பியின் ஓரம் இன்றும் கிழிக்கும். அதைக் கொட்டி இடித்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போருக்கு முன் அந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் அடிமைகள்.

1861 நவம்பர் 7-ஆம் தேதி வடக்குக் கடற்படை போர்ட் ராயல் கழிமுகத்தைப் பிடித்தது. பீரங்கிச் சத்தம் கேட்டதும் பியூஃபர்ட்டின் வெள்ளையர்கள் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ஊரும் தீவுகளும் கறுப்பின மக்கள் கையில் மிஞ்சின. போர் முடிய மூன்றரை வருடம் இருக்கும்போதே விடுதலை பெற்றுவிட்ட ஊர் இது. தீவுகளில் பள்ளிக்கூடம் வந்தது. கறுப்பினப் படைப்பிரிவு திரண்டது. 1863 புத்தாண்டு நாளில், பக்கத்திலுள்ள சாக்ஸ்டன் முகாமின் கருவாலித் தோப்பில், லிங்கனின் விடுதலை அறிவிப்பை ஆயிரக்கணக்கானவர்கள் கூடிநின்று கேட்டார்கள்.

ஸ்மால்ஸ் ஓட்டிவந்த படகும் பீரங்கிகளும் போகட்டும், அவர் தலைக்குள் கொண்டுவந்த செய்தி அதைவிடப் பெரியது. துறைமுகத்தில் கண்ணிவெடிகள் எங்கே இருக்கின்றன, எந்தத் தீவைத் தெற்குப் படை காலி செய்துவிட்டது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாஷிங்டனுக்குப் போனார்; போர் அமைச்சர் ஸ்டான்டனைப் பார்த்தார். அதே மாதத்தில், 1862 ஆகஸ்டில், இந்தக் கரையில் 5,000 கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க அனுமதி பிறந்தது. 1863 ஏப்ரல் 7-ஆம் தேதி சார்ல்ஸ்டன் தாக்குதலில் 'கியோகக்' என்ற இரும்புக் கவசக் கப்பலை அவர் ஓட்டினார். தொண்ணூறு குண்டுகளுக்குமேல் வாங்கிய அந்தக் கப்பல் மறுநாள் காலை மூழ்கியது, ஆட்கள் பிழைத்தார்கள். அந்த வருடக் கடைசியில், குண்டு மழையில் பிளான்டரின் வெள்ளைக் கேப்டன் பயந்து கரிக்கிடங்குக்குள் ஒளிந்துகொண்டபோது, ஸ்மால்ஸ் படகை ஓட்டி வெளியே கொண்டுவந்தார். அதன்பின் அவரே அதன் கேப்டன்.

1864-ல் படகைப் பழுதுபார்க்க பிலடெல்பியா போயிருந்தபோது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு 25 வயது. அங்கேதான் டிராமில் உள்ளே உட்காரக் கூடாது, வெளித்தட்டில் நில் என்றார்கள். அவர் இறங்கி நடந்தார். நாட்டுக்காகப் போரிட்டவருக்கே இந்தக் கதியா என்று அந்த நகரத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. 1867-ல் பென்சில்வேனியா மாநிலம் டிராமில் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது.

இனி பிரின்ஸ் தெரு 511-ஆம் எண் வீடு. வெள்ளை பூசிய மரவீடு, இரண்டு மாடி, முன்னால் தூண் வைத்த திண்ணைகள். இதன் பின்கட்டில்தான் அவர் பிறந்தார். போருக்கு முன்பே மெக்கீ குடும்பம் வீட்டை டி ட்ரெவில் என்பவருக்கு விற்றுவிட்டது. அவர் ஓடிப்போனவர்களில் ஒருவர். வரி கட்டாத சொத்துகளை மத்திய அரசு ஏலம் விட்டபோது, போர் முடிவதற்குள்ளேயே, ஸ்மால்ஸ் இந்த வீட்டை வாங்கினார். எத்தனையோ பெரிய வீடுகள் ஏலத்துக்கு வந்தன. அவர் இதைத்தான் வாங்கினார்.

டி ட்ரெவில் சும்மா விடவில்லை. ஏலமே செல்லாது என்று வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1878-ல் தீர்ப்பு ஸ்மால்ஸ் பக்கம் வந்தது. அதே ஏலங்களில் கையகல நிலமும் குச்சு வீடும் வாங்கிய நூற்றுக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களுக்கும் அந்தத் தீர்ப்பு பட்டாவை உறுதியாக்கியது. 'டி ட்ரெவில் எதிர் ஸ்மால்ஸ்' என்று சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. அடிமையாகப் பிறந்தவன் பெயரில் வீட்டுரிமைக்கான வழக்கு.

தெருவில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியிலிருந்தே திண்ணையும் மரமும் தெரிகின்றன. இந்த வீட்டைப் பற்றி ஸ்மால்ஸ் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. போருக்குப் பிறகு ஒரு நாள், நினைவு தடுமாறிய ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி தன் வீடு என்று நினைத்து உள்ளே நுழைந்தார். மெக்கீயின் மனைவி. அந்த வீட்டை விற்றது, ஊரைவிட்டு ஓடியது, போரில் தோற்றது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஸ்மால்ஸ் அவரை வெளியே அனுப்பவில்லை. அவருடைய பழைய அறையையே கொடுத்து, கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். தன்னை விலைப்பொருளாக வைத்திருந்த குடும்பம் அது. அவர்களுக்குச் சோறு போட்டது பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. இது என் வீடு, யாரை இருத்த வேண்டும் என்று நான் முடிவு செய்வேன் என்ற உரிமைக்காரனின் நிமிர்வு அது.

அங்கிருந்து கிரேவன் தெருவுக்கு நடந்துவிடலாம். டாபர்நாக்கிள் பாப்டிஸ்ட் தேவாலயம், வெள்ளை மரக் கட்டடம், மேலே கூர்கோபுரம். பக்கவாட்டு முற்றத்தில் ஸ்மால்ஸின் கல்லறை, அருகே மார்பளவு வெண்கலச் சிலை. அகன்ற நெற்றி, அடர்ந்த தாடி, ஆளை நேராகப் பார்க்கும் பார்வை. தன் இனத்தாருக்குச் சலுகை எதுவும் வேண்டாம், வாழ்க்கைப் போராட்டத்தில் சமமான வாய்ப்பு கொடுத்தால் போதும் என்ற பொருளில் 1895-ல் அவர் பேசிய பேச்சு கல்லில் பொறித்திருக்கிறது. சிலையின் காலடியில் யாரோ காசு வைத்திருந்தார்கள். வற்றத்தின் சேற்று வாடை ஆற்றிலிருந்து இங்கேயும் வந்தது.

தேவாலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்து, "ஜெனரலைப் பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. மாநிலப் படையில் அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி இருந்தது. பியூஃபர்ட்டில் அவரை உயிரோடு இருந்தபோது 'ஜெனரல் ஸ்மால்ஸ்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மறைந்து நூறு வருடம் கடந்தும் அந்த மரியாதை அந்த அம்மாள் வாயில் அப்படியே இருந்தது.

ஊர்ப் பெரியவர் என்ற சொல்லை நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு என்ன விலை என்பதை இந்த ஊரில் பார்த்தேன். 1868-ல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய மன்றத்தில் ஸ்மால்ஸ் உறுப்பினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அந்த வயதுவரை பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர் கேட்ட முதல் காரியம் அது. மாநிலச் சட்டமன்றம், பிறகு மேல்சபை, பிறகு 1875-லிருந்து 1887-க்குள் இடைவெளி விட்டு ஐந்து முறை அமெரிக்கக் காங்கிரஸ். இடையில் 1877-ல் லஞ்ச வழக்கு ஒன்றில் தண்டனை விதித்தார்கள். கறுப்பினத் தலைவர்களை ஒவ்வொருவராக ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1879-ல் ஆளுநர் மன்னிப்பு அளித்தார். பியூஃபர்ட் மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் என்ன நினைத்தது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

போர் வீரராக அவருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். பிளான்டரைக் கொண்டுவந்ததற்குப் பங்காக 1,500 டாலர் கொடுத்தார்கள். படகையும் பீரங்கிகளையும் குறைத்து மதிப்பிட்டார்கள். முறைப்படி நியமன ஆணை இல்லை என்று ஓய்வூதியத்தை இழுத்தடித்தார்கள். தனிச் சட்டம் போட்டு மாதம் 30 டாலர் கொடுக்க 1897 ஆயிற்று. அந்தப் படகு 1876-லேயே ரோமெய்ன் முனைக்கு அருகே மூழ்கிப்போனது. சொந்தத்தில் ஒருவர் செத்ததுபோல் அவர் வருந்தினார் என்கிறார்கள். கடைசிக் காலத்தில் ஏறக்குறைய இருபது வருடம் பியூஃபர்ட் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக இருந்தார். 1913-ல் அதிபர் வில்சனின் ஆட்சி வந்ததும் அந்தப் பதவியும் போனது. 1915 பிப்ரவரி 23-ஆம் தேதி, அதே பிரின்ஸ் தெரு வீட்டில் காலமானார்.

ஊர் இப்போது அவரை மறக்கவில்லை. ஊருக்குள் வரும் சாலைக்கு அவர் பெயர்; ஒரு பள்ளிக்கு அவர் பெயர். போருக்குப் பிந்தைய காலத்தை நினைவுகூரும் தேசியப் பூங்காவை 2017-ல் இங்கே நிறுவினார்கள். பழைய தீயணைப்பு நிலையம்தான் அதன் வரவேற்பறை. தெற்குப் படை வென்ற ஒரு சண்டையின் பெயரைத் தாங்கியிருந்த கடற்படைப் போர்க்கப்பலுக்கு 2023-ல் 'ராபர்ட் ஸ்மால்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல காரியங்கள். ஆனால் இவையெல்லாம் வந்துசேரும் முன், மிகக் கெட்ட காலத்தில் அவர் செய்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

1895-ல் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் இன்னொரு அரசியலமைப்பு மன்றம் கூடியது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதற்காகவே கூட்டிய மன்றம். செனட்டர் பென் டில்மன் முன்னின்று நடத்தினார். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது சட்டத்தை வாசிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. சூழ்ச்சி அதற்குள்தான் இருந்தது. 160 பேர் கொண்ட மன்றத்தில் கறுப்பினத்தவர் ஆறு பேர். அந்த ஆறில் ஐந்து பேர் பியூஃபர்ட் அனுப்பியவர்கள். ஐம்பத்தாறு வயது ஸ்மால்ஸ் எழுந்து பேசினார். கலப்பு மணத்தைத் தடைசெய்யும் விதி வந்தபோது, கறுப்பினப் பெண்ணோடு தகாத உறவு வைத்திருக்கும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று அதில் சேர்க்கச் சொன்னார். அவை ஆடிப்போயிற்று. தோற்றார். தோற்போம் என்று தெரிந்துதான் பேசினார்.

கடைசி நாளில் கையெழுத்துப் போட மறுத்தார். கையெழுத்திடாதவர்களுக்குப் பயணப்படி கிடையாது என்று மிரட்டினார்கள். கையெழுத்துப் போடுவதைவிட பியூஃபர்ட்டுக்கு நடந்தே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் நான் கொலம்பியாவரை காரில் போனேன். 210 கிலோமீட்டர். பைன் காடுகள், சதுப்பு, ஆள் நடமாட்டமில்லாத நீண்ட சாலை. இரண்டரை மணிநேரம் ஆயிற்று. எத்தனையோ திருத்தங்களோடு, தென் கரோலினா மாநிலத்தை இன்றும் ஆள்வது அந்த 1895-ஆம் வருட அரசியலமைப்புதான். அதில் ராபர்ட் ஸ்மால்ஸின் கையெழுத்து இல்லை.